உச்சத்திற்கு இடம் விடுங்கள்: கித்தார் ஒலிப்பதிவில் அளவறிதல்

கித்தார் இன்று நம் இல்லங்களுக்கு அந்நியமான கருவி அன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, ஆர்கன் இசைக்கு உயர்ந்த இடத்தை அளித்தது. அத்தோடு, அந்தந்த நாட்டுத் திருச்சபை அதிகாரத்தின் இசைவோடு ஏனைய இசைக்கருவிகளும் வழிபாட்டில் இடம் பெறலாம் என்று வழி திறந்துவிட்டது. அதன் பின்னர் வந்த தலைமுறையில், பாடற்குழுவின் ஆர்மோனியத்தின் அருகே கித்தாரும் வந்து அமர்ந்தது.

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் உழைக்கும் நம் இளைஞர்கள் ஷிஃப்டுகளுக்கு இடையே கிடைக்கும் சில மணி நேரத்தில் கூடிப் பாடுகின்றனர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் இந்த எல்லைப்புறத்தில், ஒரே குழுவில் மூன்று மொழிக்காரர்களும் இருப்பது வியப்பன்று. முன்பு பாடல் ஒன்றைப் பதிவு செய்ய வேண்டுமெனில் சென்னைக்கோ பெங்களூருக்கோ சென்று ஒலிப்பதிவுக் கூடத்தை வாடகைக்கு எடுக்க வேண்டியிருந்தது. இன்றோ ஒரு மடிக்கணினியும், ஆடியோ இன்டர்ஃபேஸ் என்னும் கையடக்கப் பெட்டியும் இருந்தால், வீட்டு அறையிலேயே பதிவு செய்துவிடலாம்.

ஆயினும் இவ்வாறு பதிவான பாடல்கள் பலவற்றில் ஒரு குறை தென்படுகிறது. தொடக்கத்தில் கித்தார் இனிமையாக ஒலிக்கிறது. பல்லவி உச்சத்தை எட்டி, எல்லாரும் சேர்ந்து பாடும் இடத்தில், 'கர்' என்ற கரகரப்பு எழுந்து இசையை மூடிவிடுகிறது. கித்தார் மட்டமானது, பெட்டி மலிவானது என்று குறை கூறி, மேலும் பணம் செலவழித்து வேறு பெட்டி வாங்குவோரும் உண்டு. காரணம் பெரும்பாலும் கருவியில் இல்லை. கெயின் என்னும் சிறு குமிழை வைத்த அளவில் இருக்கிறது.

இது சிறிய செய்தியன்று. குழுவில் ஒருவருக்குக் காலை ஷிஃப்ட். மற்றொருவருக்கு இரவு ஷிஃப்ட். மூன்றாமவர் நாள்தோறும் எல்லை கடந்து பெங்களூரு சென்று திரும்புபவர். அவர்கள் அனைவரையும் ஒரே அறையில் மீண்டும் சேர்ப்பது எளிதன்று. அடுத்த மாதமே ஒருவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகலாம். பாட்டைக் கற்றுக்கொடுத்த பெரியவர் அடுத்த ஆண்டு பாடும் நிலையில் இல்லாமற் போகலாம். அன்றைய பதிவு கெட்டால், அன்றைய இசை போயிற்று. ஆகவே, அளவறிந்து பதிவு செய்வது எவ்வாறு என்பதைச் சற்று விரிவாகக் காண்போம்.

அளவு என்பது அன்றே இருந்தது

ஒலிப்பதிவின் தொடக்க நாட்களில் மைக் இல்லை, மின்சாரமும் இல்லை. 1902-ஆம் ஆண்டு கிராமபோன் நிறுவனத்தின் பிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவிற்கு வந்து கௌஹர் ஜான் அம்மையாரின் பாடல்களைப் பதிவு செய்தபோது, பாடகர் ஒரு பெரிய புனலின் முன் நின்று பாட வேண்டியிருந்தது. அக்காலப் பாடகர்கள் மெல்லிய இடங்களில் புனலை நெருங்கியும், ஓங்கிப் பாடும் இடங்களில் விலகியும் பாடினர். குரலின் உச்சத்தில் ஊசி நிலை தடுமாறினால் பதிவு பாழாகிவிடும். அன்று தூரமே அளவுகோல்.

1925-ஆம் ஆண்டளவில் மின்சார முறைப் பதிவும் மைக்கும் வந்தன. 1938-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939-இல் திருச்சி நிலையமும் தொடங்கப்பெற்றன. அத்தகைய நிலையங்களில் கண்ணாடிக்குப் பின் அமர்ந்த பொறியாளர், ஒலியளவு காட்டும் கருவியின் முள்ளின் மீதே கண்ணாயிருந்தார். பின்னர் ஒலிநாடாவும், 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகம் செய்த கேசட்டும் வந்தன.

இங்கே ஒரு செய்தியைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். ஒலிநாடாவில் இயல்பாகவே 'உஸ்' என்ற இரைச்சல் ஒன்று உண்டு. மெல்லப் பதிந்தால் இசை அந்த இரைச்சலில் மூழ்கிவிடும். ஆகவே, முள் சிவப்புக் கோட்டைத் தொடுமளவு பதிவு செய்வது அக்காலத்தின் நல்ல பழக்கமாயிற்று. நாடாவோ பொறுமையுள்ளது, அளவு சற்று மீறினாலும் ஒலியின் உச்சிகளைச் சிறிது சிறிதாகவே மழுக்கும். கேசட் காலத்தில் பழகிய மூத்தோர் சிலர், "முள் மேலே போகட்டும்" என்று இன்றும் அறிவுரை கூறுவதற்குக் காரணம் இதுவே. அவர்கள் காலத்திற்கு அது சரி. கணினிப் பதிவிற்கு அது பொருந்தாது.

பெட்டி செய்வது யாது?

கித்தாரின் கம்பி அதிர்கிறது. பிக்கப் என்னும் காந்தச் சுருள் அவ்வதிர்வை மிகச் சிறிய மின்னலையாக மாற்றுகிறது. இன்டர்ஃபேஸ் பெட்டி அந்த மின்னலையைப் பெற்று, முதலில் பெருக்குகிறது. பின்னர் எண்களாக மாற்றிக் கணினிக்கு அனுப்புகிறது. குறுந்தகட்டின் தரத்தில், ஒரு நொடிக்கு 44,100 முறை அலையின் உயரம் அளந்து எழுதப்படுகிறது. எவ்வளவு பெருக்குவது என்பதை முடிவு செய்வதே கெயின் குமிழின் வேலை.

எண்களுக்கு ஓர் உச்ச எல்லை உண்டு. கணினித் திரையில் அந்த எல்லை பூஜ்யம் டெசிபல் என்று குறிக்கப்படும். அதற்குக் கீழே உள்ளவையெல்லாம் கழித்தல் எண்கள்: கழித்தல் 6, கழித்தல் 12, கழித்தல் 18 எனக் கீழிறங்கும். 6 டெசிபல் குறைந்தால் அலையின் உயரம் ஏறத்தாழப் பாதியாகிறது என்பதை நினைவிற் கொண்டால் போதும். பூஜ்யத்திற்கு மேலே எழுதுவதற்கு எண் இல்லை. அலை அதற்கு மேல் எழுந்தால், அதன் தலை தட்டையாக வெட்டப்பட்டுவிடும். இதனையே கிளிப்பிங் என்பர். தட்டையான அந்த அலையில், கித்தார் எழுப்பாத புதிய ஒலிகள் பிறக்கின்றன. நாம் கேட்கும் கரகரப்பு அதுவே.

ராக் இசைக் கலைஞர்கள் பெடலையும் ஆம்ப்ளிஃபையரையும் கொண்டு வேண்டுமென்றே எழுப்பும் கரகரப்பு வேறு. அது கலைஞர் தேர்ந்து சேர்த்த வண்ணம். இதுவோ எவரும் கேளாமல் விழுந்த கறை.

கடைசற் பட்டறை கூறும் பாடம்

நம் பகுதி இளைஞர்களுக்கு இதனை விளக்க அயலூர் உவமை தேவையில்லை. ஓசூரில் லேத் இயந்திரத்தின் முன் நின்று பழகியவர் எத்தனையோ பேர்! 25 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு ஷாஃப்ட் வேண்டுமெனில், தேர்ந்த தொழிலாளி முதல் வெட்டிலேயே 25-ஐத் தொட முயலமாட்டார். அரை மில்லிமீட்டர் அளவு மிச்சம் வைத்துக் கடைவார். பிறகு மைக்ரோமீட்டரால் அளந்து, இறுதி வெட்டில் சரியான அளவிற்குக் கொண்டு வருவார். மிச்சம் இருந்தால் மீண்டும் வெட்டலாம். கை தவறி 24.9 ஆகிவிட்டால், அந்த ஷாஃப்ட் ரிஜெக்ட் தொட்டிக்குத்தான் போகும். வெட்டிய இரும்பை ஒட்ட வைக்க இயலாது.

ஒலிப்பதிவும் இத்தகையதே. சற்றுத் தாழ்வாகப் பதிந்த இசையைப் பின்னர் எவ்வளவு வேண்டுமானாலும் உயர்த்திக்கொள்ளலாம். உச்சி வெட்டுண்ட இசைக்கு அந்த உச்சியைத் திரும்பக் கொடுக்க முடியாது. இன்று சில மென்பொருள்கள் வெட்டுண்ட இடத்தை நிரப்பித் தருகின்றன என்பது உண்மை. எனினும் அவை செய்வது ஊகமே. அங்கே முதலில் என்ன ஒலித்தது என்பதை அவை அறியா. உச்சத்திற்கு மேலே விட்டுவைக்கும் வெற்றிடம் வீண் அன்று. லேத்தில் விட்டுவைக்கும் மிச்சம் போன்ற காப்பு அது.

"தாழ்வாகப் பதிந்தால் தரம் குறையாதா?" என்று கேட்கலாம். கணக்கிட்டுப் பார்ப்போம். இன்றைய பெட்டிகள் பெரும்பாலும் 24 பிட் அளவில் பதிவு செய்கின்றன. ஒரு பிட் ஏறத்தாழ 6 டெசிபலுக்குச் சமம். உச்சம் கழித்தல் 12-இல் நிற்குமாறு பதிவு செய்தால், 2 பிட் மட்டுமே பயன்படாமற் போகிறது. 22 பிட் எஞ்சுகிறது. 1982-இல் விற்பனைக்கு வந்து உலகையே கவர்ந்த குறுந்தகடு 16 பிட் மட்டுமே கொண்டது. எனவே, 12 டெசிபல் இடம் விட்ட பின்னும் நம் கையில் இருப்பது குறுந்தகட்டைவிட மிகுதியே. ஆகையால், 24 பிட் என்பதைக் கணினியில் முதலிலேயே தேர்ந்துகொள்ளுங்கள்.

அதற்காக மிகவும் தாழ்த்திவிடவும் கூடாது. உச்சமே கழித்தல் 40-இல் நின்றால், பின்னர் உயர்த்தும்போது அறையின் சத்தமும் மின்கருவியின் இரைச்சலும் சேர்ந்தே உயரும். நடுவழியே நல்வழி.

எந்தத் துளையில் செருகுவது?

குமிழைத் தொடுமுன் கேபிளைச் செருகும் இடத்தைக் கவனித்தல் வேண்டும். பெட்டிக்குள் ஒலி நுழைய மைக், லைன், இன்ஸ்ட்ருமென்ட் என மூவகை நிலைகள் உண்டு. பேட்டரி இல்லாத சாதாரண எலெக்ட்ரிக் கித்தாரின் மின்னலை மெலிந்தது, சுமை தாங்காதது. அதற்கென உள்ளதே இன்ஸ்ட்ருமென்ட் நிலை. சில பெட்டிகளில் இது 'ஹை-இசட்' என்றோ கித்தார் படத்தாலோ குறிக்கப்பட்டிருக்கும். அதன் மின்தடை ஏறத்தாழ 10 லட்சம் ஓம். லைன் நிலையிலோ இது பல்லாயிரம் ஓம் அளவே. கித்தாரை லைன் நிலையில் செருகினால், மேல் ஸ்தாயியின் தெளிவு மங்கி, போர்வைக்குள் இருந்து ஒலிப்பது போலாகும். பிறகு எவ்வளவு குமிழைத் திருப்பினும் அந்தத் தெளிவு வராது.

தனக்குள்ளேயே 9 வோல்ட் பேட்டரியும் பெருக்கியும் கொண்ட கித்தார்கள் உண்டு. அவற்றின் மின்னலை வலிமையானது. கெயினை முற்றிலும் குறைத்த பின்னும் சிவப்பு விளக்கு எரிந்தால், பெட்டியில் உள்ள 'பேட்' பொத்தானை அழுத்துங்கள். இல்லையேல் லைன் நிலைக்கு மாற்றுங்கள். அல்லது கித்தாரின் ஒலியளவையே சற்றுக் குறையுங்கள். அளவு சரியாக இருந்தும் ஒலி கரகரத்தால், பேட்டரி தீர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தளர்ந்த பேட்டரியும் இதே கரகரப்பைத் தரும்.

அளவு வைக்கும் முறை

முதலாவது, கெயின் குமிழை முற்றிலும் குறைத்துவிட்டுக் கேபிளைச் செருகுங்கள். சாதாரண எலெக்ட்ரிக் கித்தாரின் ஒலியளவுக் குமிழை முழுமையாகத் திறந்து வையுங்கள்.

இரண்டாவது, பாடலில் மிக ஓங்கி வாசிக்கும் பகுதி எதுவோ, அதனை வாசிக்கச் சொல்லுங்கள். இதுவே முறையின் உயிர்நாடி. பலர் தொடக்கத்தில் வரும் மெல்லிய விரல் மீட்டலை வைத்து அளவு பார்த்துவிடுகின்றனர். பல்லவியில் ஆறு கம்பிகளையும் ஒருசேர வீசும்போது பதிவு வெட்டுப்படுகிறது. ஆற்றுக்குப் பாலம் கட்டுகிறவர் கோடைக்கால நீரை அளந்து கட்டுவதில்லை.

மூன்றாவது, அவர் அரை நிமிடமாவது வாசிக்க, கணினியின் அளவுகோலைப் பார்த்துக்கொண்டே குமிழை மெல்ல உயர்த்துங்கள். உச்சம் கழித்தல் 12 முதல் கழித்தல் 10 வரை நிற்கட்டும். சராசரி ஒலி கழித்தல் 18-ஐ ஒட்டி அமையும். பெட்டியில் விளக்குகள் மட்டுமே இருப்பின், பச்சை நிலையாக எரிவதும், மஞ்சள் எப்போதாவது மின்னுவதும் நன்று. சிவப்பு ஒருமுறையேனும் எரிதல் ஆகாது.

நான்காவது, பதிவு தொடங்கியவுடன் வாசிப்பவரின் கை தானாகவே ஓங்கும் என்பதை எதிர்பாருங்கள். ஒத்திகையில் அடங்கி வாசித்தவர், பாடகர்கள் சேர்ந்ததும் உற்சாகம் கொள்வது இயல்பு. 3 முதல் 6 டெசிபல் வரை ஏறினாலும், நாம் விட்டுவைத்த இடம் அதனைத் தாங்கிக்கொள்ளும். உச்சம் கழித்தல் 6-ஐத் தாண்டத் தொடங்கினால், நிறுத்திவிட்டுக் குமிழைக் குறைத்து மீண்டும் தொடங்குங்கள்.

ஐந்தாவது, பாடலின் நடுவே குமிழைத் தொடாதீர்கள். மென்மைக்கும் வன்மைக்கும் இடையே உள்ள வேறுபாடே இசையின் மூச்சு. பதிவின்போது குமிழைத் திருப்பினால் அது கெடும். அளவு அமைந்தபின் குமிழின் நிலையைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் எஞ்சிய பகுதியைப் பதிவு செய்ய உதவும்.

அண்மைக் காலத்தில் சில பெட்டிகள் இவ்வேலையைத் தாமே செய்கின்றன. 2023-இல் வெளியான ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் நான்காம் தலைமுறைப் பெட்டிகள் சிலவற்றில், சில நொடிகள் வாசித்துக் காட்டினால் கெயினைத் தானே அமைக்கும் வசதி உண்டு. அப்போதும் ஓங்கிய பகுதியை வாசித்துக் காட்டினால்தான் பெட்டி சரியாக அறியும்.

ஏமாற்றும் குமிழ்கள்

திரையில் ஒவ்வொரு இசைத்தடத்திற்கும் ஒரு ஃபேடர் உண்டு. அதனைக் குறைத்தால் நாம் கேட்கும் ஒலி குறையும். பதிவாகும் ஒலி குறையாது. வெட்டுப்பட்டுப் பதிவான இசையை ஃபேடரால் இறக்கினால், மெல்லிய குரலில் அதே கரகரப்பைக் கேட்போம். ஹெட்போன் குமிழும் அத்தகையதே. தமக்குக் கேட்கவில்லை என்று பாடுபவர் கூறினால், ஹெட்போன் குமிழை உயர்த்துங்கள், கெயினைத் தொடாதீர்கள்.

மற்றொரு சோதனையும் உண்டு. திரைப்படப் பாடலோடு தம் பதிவை ஒப்பிட்டு, "நமது மெல்லியதாக இருக்கிறதே" என்று கெயினை உயர்த்துவோர் பலர். அந்தப் பாடலின் உரத்த ஒலி, பதிவின் பின்னர் மிக்சிங், மாஸ்டரிங் என்னும் நிலைகளில் உண்டாக்கப்பட்டது. பதிவு அறையில் அதனைத் தேடுவது, மாவு பிசையும்போதே அப்பத்தின் பொன்னிறத்தைத் தேடுவது போலாகும்.

நம் ஊரின் இரைச்சல்

தொழிற்பேட்டைக்கு அருகே வாழ்வோர்க்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. அதன் 'ம்ம்' என்ற ஓசை பிக்கப்பின் வழியே பதிவிற்குள் புகும். குழல் விளக்கு, மின்மாற்றி, கைப்பேசி ஆகியவற்றிலிருந்து கித்தாரை விலக்கி வையுங்கள். வாசிப்பவர் அமர்ந்தபடியே மெல்லத் திரும்பினால், இரைச்சல் குறையும் ஒரு திசை கிடைக்கும். இந்த ஓசையை நீக்கவே கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955-ஆம் ஆண்டளவில் இரட்டைச் சுருள் பிக்கப்பை வடிவமைத்தார். அத்தகைய கித்தார்களில் இத்தொல்லை குறைவு.

மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் இயக்கிப் பாருங்கள். பல வேளைகளில் ஓசை அடங்கும். அடங்கினால் எர்த் இணைப்பில் குறை இருக்கலாம். எலெக்ட்ரீஷியனைக் கொண்டு சரி செய்யுங்கள். ஓசையை நிறுத்துவதற்காக மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை ஒடிப்பதோ துண்டிப்பதோ ஒருபோதும் கூடாது. அது உயிருக்கே ஆபத்து.

பிக்கப் இல்லாத கித்தாரை மைக் வைத்துப் பதிவு செய்வோர், 12-ஆம் கட்டைக்கு நேராக, ஒரு முழத்திற்குச் சற்றுக் குறைவான தூரத்தில் மைக்கை வைக்கலாம். ஒலித்துளைக்கு நேரே வைத்தால் 'பொம்' என்ற ஒலி மிகும். அளவும் திடீரெனத் தாவும். கண்டன்சர் மைக்கிற்கு 48 வோல்ட் பொத்தான் வேண்டும். அதனை அழுத்துமுன் கெயினைக் குறைத்துக்கொள்ளுங்கள். தேசிய நெடுஞ்சாலை 44-இன் லாரிகளும், ஷிஃப்ட் மாறும் வேளையில் ஓடும் பேருந்துகளும் மைக்கிற்குள் வரும். அந்த நேரங்களைத் தவிருங்கள். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த ஓசூரின் குளிர்ச்சி இங்கே நமக்குத் துணை. சன்னலை அடைத்து மின்விசிறியை நிறுத்தினாலும் ஒரு பாடல் முடியும் வரை அமர்ந்திருக்கலாம்.

வீட்டில் ஒரு சோதனை

கிறிஸ்து பிறப்பு விழாவிற்குப் பாடல் பதிவு செய்யவிருக்கும் குழுக்கள், அதற்கு முன் ஒரு மாலைப்பொழுதில் இச்சோதனையைச் செய்து பார்க்கலாம். ஒரே பல்லவியை இருமுறை பதிவு செய்யுங்கள். முதல் முறை உச்சம் சிவப்பைத் தொடட்டும். இரண்டாம் முறை கழித்தல் 12-இல் நிற்கட்டும். பிறகு இரண்டாவதை ஃபேடரால் உயர்த்தி, இரண்டும் சம ஒலியில் கேட்குமாறு செய்யுங்கள். எது எது என்று சொல்லாமல், இசை பயிலாத தாய்மாரையும் முதியோரையும் அழைத்துக் கேட்கச் செய்யுங்கள். எந்தப் பதிவில் கம்பியின் ஓசை கம்பியின் ஓசையாகவே கேட்கிறது என்பதை அவர்கள் செவியே சொல்லிவிடும்.

குழுவில் ஒருவர் மட்டும் குமிழுக்குப் பொறுப்பேற்கட்டும். அவர் பாடவும் வேண்டாம், வாசிக்கவும் வேண்டாம். கேட்டுக்கொண்டிருப்பதே அவர் தொண்டு. அவர் பெயரை எவரும் அறியமாட்டார்கள். ஆயினும், இன்று பாடும் பிள்ளைகள் வேலை தேடி எங்கெங்கோ சென்றபின், அவர்கள் குரலும் கித்தாரும் வீட்டாரின் செவியில் மாசின்றி ஒலிக்குமானால், அது அவர் விட்டுவைத்த அந்தச் சிறிது இடத்தால் ஆனதே.